ஹாரி பெர்குஸன் சரித்திரம்

செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் ஏறி நின்று நாற்புறமும் நோக்குவோர்க்கு நம் நாட்டின் இயல்பு ஒரே பார்வையில் விளங்கிவிடும். கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் எதிரே நிற்க, அவற்றின் அடியிலே ஏரிகளும், ஏரியின் கீழ் நஞ்சையும், அப்பால் மணிலாவும் கம்பும் விளையும் புஞ்சையும் பரந்து கிடக்கும். அந்நிலப்பரப்பு முழுவதிலும் யானைக் கூட்டம் படுத்தாற்போலப் பாறைகள் இறைந்து கிடப்பதையும் காணலாம். மேலே தெரியும் பாறையைக் கண்டால் உழவன் விலகிவிடுவான். மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் மறைந்திருக்கும் பாறையே அவனுக்குச் சோதனை. மாட்டு ஏரில் கொழு கல்லில் தட்டியதும் மாடு தானே நின்றுவிடும். டிராக்டர் நிற்காது, முப்பது நாற்பது குதிரைகளின் பலத்தோடு மேலும் இழுக்கும். அங்ஙனமிருந்தும் ஆடிப்பட்டத்து உழவிலே நம் பிள்ளைகள் காலையில் டிராக்டர் ஏறி மாலையில் நலமே வீடு திரும்புகின்றனரே, அதற்குக் காரணமானவர் யாவர்?

நம் சங்கத்து அங்கத்தினர் பலர் வீட்டு வாசலில் சிவப்பு நிறத்து டிராக்டர் ஒன்று நிற்கும். அதனை மேஸி என்று செல்லமாக அழைக்கிறோம். அப்பெயரின் முற்பாதி மட்டுமே நம் நாவில் வழங்குகிறது. பிற்பாதி ஒரு மனிதருடைய பெயர். இப்பத்திரிகையில் மன்னர், அடியார், கொடை வள்ளல்கள் ஆகியோரின் சரித்திரங்களையே வாசித்துப் பழகிய நேயர்கள், கடல் கடந்த தேசத்து மெக்கானிக் ஒருவரின் வரலாற்றை யாம் எழுதப் புகுந்தது ஏன் என வியக்கலாம். ஏர் பிடித்த குலத்தார்க்கு ஏரைத் திருத்தியவன் அந்நியனாகான் என்பதே எம் சமாதானம்.

ஹாரி பெர்குஸன் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அயர்லாந்து தேசத்தின் வடபாகத்தில் டவுன் ஜில்லாவைச் சேர்ந்த குரோவெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சொந்த நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்தவர், தெய்வபக்தி மிக்கவர், கண்டிப்பும் அத்துணை மிக்கவர். மக்கள் பதினொருவர். வீட்டில் வேலைக்குக் குறைவில்லை. ஹாரிக்கோ உடல் மெலிந்தது. வயல் வேலையில் மனமும் செல்லவில்லை. உழவின் கடுமையை வெறுத்து ஓடிய பிள்ளையே பின்னாளில் உழவின் கடுமையைக் குறைத்தார். உழவை விரும்பியிருந்தால் அவர் இன்னும் ஒரு நல்ல குடியானவராகவே இருந்து மறைந்திருப்பார் என்று எமக்குத் தோன்றுகிறது.

அவருடைய தமையனார் ஜோ என்பவர் பெல்பாஸ்ட் நகரில் சைக்கிள்களும் மோட்டார்களும் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். கடல் கடந்து குடியேறிவிட எண்ணியிருந்த தம்பி, அவ்வெண்ணத்தை விடுத்து 1902-இல் அப்பட்டறையில் தொழில் கற்கச் சேர்ந்தார். யந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லும் வல்லமை அவருக்கு விரைவில் வாய்த்தது. அக்காலத்தில் ஆகாயவிமானம் என்பது மேனாட்டாருக்கும் புதுமை. ஹாரி தாமே ஒரு விமானத்தைச் செய்து, 1909-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் ஹில்ஸ்பரோ என்னும் இடத்துப் பூங்காவில் சுமார் 130 கஜ தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணிலிருந்து முதன்முதல் விமானத்தில் எழுந்தவர் அவரே. மறு ஆண்டு கடற்கரை ஓரமாக ஏறக்குறைய மூன்று மைல் பறந்து 100 பவுன் பரிசும் பெற்றார். பின்னர் விமானம் விழுந்து காயமும் பட்டார். தம்பி வானத்தில் திரிவதால் பட்டறை வியாபாரம் கெடும் என்று தமையனார் அஞ்சினார். முடிவில் 1911-இல் ஹாரி தனியே பிரிந்து சொந்தமாக மோட்டார் வியாபாரம் தொடங்கினார். அங்கே அவருக்குத் துணையாய் வந்து சேர்ந்தவர் வில்லி சாண்ட்ஸ் என்னும் தொழிலாளர். ஹாரி மனத்தால் கண்டதை இரும்பால் செய்து முடித்தவர் இவர். பெர்குஸனின் புகழில் இவருக்குரிய பங்கை உலகம் போதிய அளவு கொடுக்கவில்லை.

1914-இல் முதல் உலக யுத்தம் மூண்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த தானியம் தடைப்படவே, உள்நாட்டிலேயே அதிக நிலத்தை உழ வேண்டிய நெருக்கடி உண்டாயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த டிராக்டர்களைப் பெர்குஸன் விற்றுவந்தார். 1917-இல், அயர்லாந்து முழுவதும் சென்று டிராக்டர்கள் ஒழுங்காக வேலை செய்யும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அரசாங்க விவசாய இலாகா அவரிடம் ஒப்புவித்தது. அவரும் சாண்ட்ஸும் ஊர் ஊராகச் சென்று உழவைப் பார்த்தனர். அந்தச் சுற்றுப்பிரயாணமே அவருடைய வாழ்க்கையின் திருப்பம்.

அவர் கண்டது யாது? டிராக்டர் முன்னே செல்லும். அதன் பின்னே வண்டியைப் போலச் சக்கரங்கள் பூண்ட கனத்த கலப்பை ஒன்று சங்கிலியாலோ கொக்கியாலோ மாட்டப்பட்டு இழுபட்டுச் செல்லும். மாட்டுக்குப் பதில் யந்திரம் வந்ததேயன்றி, ஏர் பூட்டும் முறை ஒரு மயிரிழையும் மாறவில்லை. கலப்பையின் பாரம் டிராக்டருக்குச் சுமையே அன்றி உதவியாகவில்லை. ஆகவே சக்கரம் வழுக்காமல் பிடிப்பதற்காக டிராக்டரையே மிகக் கனமாகச் செய்தார்கள். அக்கனம் மண்ணை மிதித்து இறுக்கியது.

இவை பொருட்சேதம். உயிர்ச்சேதம் வேறு ஒன்று இருந்தது. அக்காலத்தில் ஹென்றி ஃபோர்டு துரை பெருந்தொகையாகச் செய்து விற்ற ஃபோர்ட்ஸன் டிராக்டர் முன்புறம் இலேசானது. கொழு ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால், கலப்பை நகராது. பின்சக்கரமும் மண்ணைப் பற்றிக்கொண்டு நகராது. ஆயினும் எஞ்சின் ஓய்வதில்லை. சக்கரத்தைச் சுழற்ற இயலாத அந்தப் பலம் டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றிச் சுழற்றத் தொடங்கும். முன்சக்கரங்கள் மேலெழும், கண்ணிமைக்கும் நேரத்தில் வாகனம் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுபவனை நசுக்கிவிடும். இவ்வாறு இறந்த குடியானவர் பலர். தேசிங்கு ராஜன் டில்லியிலே ஒருவராலும் அடக்கவொண்ணாத குதிரையை அடக்கிய கதையை நம் ஊர்ப் பாட்டும் கூத்தும் சொல்லும். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரையை வீரன் அடக்கலாம். முன்சக்கரத்தைத் தூக்கும் இரும்புக் குதிரையை அடக்க எவ்வீரத்தாலும் ஆகாது. அதற்கு நேரமே இராது.

இது எங்கோ அயர்லாந்தில் நடந்த செய்தி என்று நேயர்கள் எண்ணற்க. சில ஆண்டுகளுக்கு முன் நம் செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், வரப்போரத்துப் பனையின் அடிக்கட்டையைப் பெயர்க்க டிராக்டரைப் பயன்படுத்தியதை யாம் நேரில் கண்டோம். ஓட்டியவன் இருபது வயது நிரம்பாத பிள்ளை. கீழேயுள்ள இழுவைக் கொக்கியில் சங்கிலியை மாட்டினால் வளைந்து போகும் என்று எவரோ சொல்ல, பின்புறத்தின் உயரத்திலே, டாப் லிங்க் மாட்டும் காதிலே சங்கிலியைக் கோத்து விட்டார்கள். முதல் இழுப்பிலேயே முன்சக்கரம் இரண்டும் முழ உயரம் எழும்பின. அருகில் நின்ற பெரியவர் ஒருவர் கிளட்சை மிதிக்குமாறு கூவினார், பிள்ளையும் மிதித்தான், சக்கரங்கள் தொப்பென விழுந்தன. அரை நொடி தாமதித்திருந்தால் அக்குடும்பத்தின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை எழுத எம் கை கூசுகிறது. அன்றிரவு பெர்குஸன் வரலாற்றை எடுத்துப் படித்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

பெர்குஸன் கண்ட உண்மை இது: ஆபத்து டிராக்டரிலும் இல்லை, கலப்பையிலும் இல்லை, இரண்டையும் பூட்டும் இடத்தில் இருக்கிறது. இவ்வுண்மையின் ஒரு பாதியை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். ஏர்க்காலை நுகத்தடியில் எந்த இடத்தில் வைத்து வடக்கயிற்றால் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே கொழு மண்ணில் ஆழப் போவதும் மேலோடுவதும் அமையும் என்பதைச் செஞ்சியிலே எந்த முதிய உழவரைக் கேட்டாலும் சொல்வார். கட்டை சற்று நகர்த்தினால் போதும். ஏர் வேறு ஏராகிவிடும்.

பெர்குஸன் 1917-லேயே சக்கரமில்லாத இலேசான கலப்பை ஒன்றைச் செய்து, வண்டியின் உடலோடு நேராகப் பிணைத்து உழுது காட்டினார். அடுத்து, ஃபோர்ட்ஸன் டிராக்டருக்காக மேலொன்று கீழொன்றாக இரு தண்டுகளால் கலப்பையைப் பிணைக்கும் முறையை அமைத்தார். முடிவில், கீழே இருபுறமும் இரண்டு தண்டுகள், மேலே நடுவில் ஒன்று என முக்கோணமாக அமைந்தது அவர் பூட்டு. கலப்பையைக் கீழ்த்தண்டுகள் இழுக்கின்றன. மண்ணின் தடையால் கலப்பை முன்புறமாகக் குப்புறச் சாய முயல்கிறது. மேல்தண்டு அதனைத் தடுக்கிறது. தடுக்கும்போது அத்தண்டு டிராக்டரின் முதுகை முன்னோக்கித் தள்ளுகிறது. ஆகவே முன்சக்கரம் எழும்ப இடமின்றித் தரையில் நிற்கிறது. கலப்பை எவ்வளவு கடினமாக இழுபடுகிறதோ அவ்வளவு உறுதியாக முன்புறம் அழுந்தும். கொல்ல வந்த பலத்தையே காவலாக்கிய இந்த யுக்தியை யாம் எத்தனை முறை எண்ணினாலும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

இத்துடன் எண்ணெயின் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார். நாம் ஹைட்ராலிக் என்று சொல்வது இதுவே. மேல்தண்டில் தள்ளுதல் மிகுந்தால் ஒரு வில் அழுந்தும். அது எண்ணெய் வழியைத் திறந்து கலப்பையைச் சிறிது உயர்த்தும். அப்போது கலப்பையின் பாரமும் மண்ணின் பாரமும் பின்சக்கரத்தின்மேல் ஏறிப் பிடிப்பைக் கொடுக்கும். கனமில்லாத டிராக்டர் கனத்த வேலையைச் செய்ய வல்லதானது இதனாலேயே. கொழு கல்லில் முட்டினாலோ, அவ்வேற்பாடு அப்பாரத்தைச் சக்கரத்திலிருந்து விடுவித்துவிடும். சக்கரம் பிடிப்பிழந்து நின்ற இடத்திலேயே வீணே சுழலும். வாகனம் கவிழாது. ஓட்டுபவன் கிளட்சை மிதித்து, பின்னே வந்து, கல்லைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஹைட்ராலிக் ஏற்பாட்டின் அடிப்படைக்கு அவர் 1925-இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றார்.

நல்லதொன்றைக் கண்டுபிடிப்பது வேறு, அதை நாலு பேர் கொள்ளும்படி செய்வது வேறு. 1925-இல் அமெரிக்காவில் ஷெர்மன் சகோதரர்களுடன் கூட்டுச் சேர்ந்து ஃபோர்ட்ஸனுக்கான கலப்பைகளைச் செய்து விற்றார். 1928-இல் ஃபோர்டு அமெரிக்காவில் அந்த டிராக்டர் செய்வதையே நிறுத்திவிட, கலப்பை வியாபாரமும் உடன்கட்டை ஏறியது. இனிப் பிறர் டிராக்டரை நம்பிப் பயனில்லை என்று கருதி, 1933-இல் தம் முறைப்படி முழு டிராக்டர் ஒன்றையே செய்து முடித்தார். அதற்குக் கறுப்பு வர்ணம் பூசினர். இன்று லண்டன் விஞ்ஞானக் காட்சிச்சாலையைச் சேர்ந்த பொருளாக அது விளங்குகிறது. 1936 முதல் டேவிட் பிரௌன் என்பவரின் தொழிற்சாலை அம்மாதிரியில் டிராக்டர்களைச் செய்தது. மொத்தம் 1,350 அளவிலேயே வெளிவந்தன. டிராக்டரோடு அதற்கென்றே அமைந்த கலப்பை முதலியவற்றையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தமையால் குடியானவர் தயங்கினர். இன்னும் பெரிதாகச் செய்யவேண்டும் என்றார் பிரௌன். முடியாது என்றார் பெர்குஸன். பிடிவாதம் அவருடைய பலமும் பலவீனமும் ஆகும்.

1938-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், டிராக்டர் ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா சென்று, ஹென்றி ஃபோர்டின் சொந்த நிலத்திலேயே உழுது காட்டினார். சாவி முடுக்கிய சிறு பொம்மை டிராக்டர் ஒன்றைக் கொண்டு பூட்டின் மர்மத்தையும் விளக்கினார். ஃபோர்டும் உழவர் வீட்டுப் பிள்ளை; பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொண்டார். இருவரும் கைகுலுக்கினர். ஒப்பந்தம் அவ்வளவே. பெர்குஸனின் கண்டுபிடிப்பை ஃபோர்டு தம் ஆலையில் டிராக்டராகச் செய்வது, பெர்குஸன் விற்பது. பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. மறு ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த அந்த டிராக்டரும் அதன் வகையினவும் 1947-க்குள் மூன்று லட்சத்துக்கு மேல் விற்றன.

வாய்ச்சொல்லை நம்பி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பின்னர்க் கோர்ட்டு ஏறியோர் நம்மிடையேயும் உளர். அவர்களுக்கு மேல்நடந்ததைச் சொல்ல வேண்டுவதில்லை. 1947-இல் முதியவர் ஃபோர்டு மறைந்தார். பொறுப்பேற்ற பேரனார் அவ்வொப்பந்தத்தை முடித்துக்கொண்டு, பெர்குஸனின் பூட்டு அமைந்த டிராக்டரையே அவரின்றித் தாமே விற்கலாயினர். பெர்குஸன் 1948-இல் 25 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகள் நடந்து, 1952-இல் 92½ லட்சம் டாலருக்கு ராஜியாயிற்று. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரம் பெரிது; ஆயினும் கண்டுபிடிப்பு அவருடையது என்பது நிலைபெற்றது. அவ்வழக்கு அவர் உடலையும் உறக்கத்தையும் தின்றது.

இதற்கிடையே, 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அவருக்காகச் சாம்பல் நிறச் சிறு டிராக்டர்களைச் செய்யத் தொடங்கியது. டி.இ.20 என்பது அதன் பெயர். 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்து பல தேசங்களுக்கும் சென்றன. எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரி 1958 ஜனவரி 4-ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது பெர்குஸன் டிராக்டர்களின் மேலேயே. அந்த டிராக்டரோடு ஒரு திருகுசாவி கொடுக்கப்படும். டிராக்டரிலும் கலப்பையிலும் குடியானவன் கழற்றி மாட்டவேண்டிய மரைகள் அனைத்துக்கும் அந்த ஒன்றே பொருந்தும். அதன்மேல் அங்குலக் கோடுகளும் பொறித்திருக்கும், சாலின் அகலத்தை அளப்பதற்கு. பெர்குஸனின் குணம் முழுவதும் அந்தச் சாவியில் இருக்கிறது. எதிலும் துப்புரவு, எதிலும் அளவு. ஒழுங்கின்மையை ஒரு கணமும் பொறுக்கமாட்டார். அவரிடம் வேலை பார்த்தோர் பட்ட பாடு கொஞ்சமன்று.

அளவாக உழுதல் என்பது அவர் நாட்டில் ஒரு பந்தயமாகவே விளங்குகிறது. அயர்லாந்தில் 1931-இல் தேசிய உழவுப் போட்டி தொடங்கியது. உலக உழவுப் போட்டி 1953-இல் கனடாவில் முதன்முதல் நடந்தது. இப்போட்டியில் விரைவுக்குப் பரிசில்லை. முதற்சால் நேராக இருந்ததா, ஆழம் ஒன்றுபோல் அமைந்ததா, புரட்டிய மண் பழைய தாளைப் புல் தெரியாமல் மூடியதா, கடைச்சால் தூய்மையாக முடிந்ததா என்று நடுவர் குனிந்து பார்த்து மதிப்பிடுவர். பழைய டிராக்டர்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. எழுபது வயது கடந்த சாம்பல் நிறப் பெர்குஸன்கள், தாத்தா ஓட்டியதைப் பேரன் ஓட்ட, இன்றும் அப்போட்டிகளில் சால் போடுகின்றன.

வேறு ஒரு பந்தயமும் உண்டு. அது இழுவைப் பந்தயம். அமெரிக்காவில் பாரமேற்றிய சறுக்கு வண்டியை டிராக்டரால் இழுப்பர். வண்டி நகர நகர அதன்மேலுள்ள பாரம் டிராக்டர்ப் பக்கமாக ஊர்ந்து வந்து மேன்மேலும் அழுத்தும். அங்கே கொக்கி தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கலாம் என்பதற்கு விதி உண்டு. அளந்து பார்த்த பின்பே களத்தில் விடுவர். முன்புறம் எழுந்தால் கவிழாமல் தாங்கப் பெரிய டிராக்டர்களின் பின்னே இரும்புத் தாங்கிகளும் இருக்கும். நம் தேசத்தில் பஞ்சாபிலே இரு டிராக்டர்களைப் பின்னுக்குப் பின் கட்டி எதிரெதிரே இழுக்கும் தோச்சன் என்னும் பந்தயம் உண்டு. சாகசத்துக்காக முன்சக்கரத்தைத் தூக்கிக் காட்டுவோரும் அங்கு உளர். 2023 அக்டோபரில் அவ்வகை டிராக்டர் சாகசம் ஒன்றில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அம்மாகாண அரசாங்கம் அத்தகைய சாகசங்களைத் தடை செய்தது. கைப்பேசிப் படங்களில் இவற்றைக் கண்டு நம் பிள்ளைகளும் ஆசைப்படுகின்றனர். உயரக் கட்டினால் முன்புறம் எழும், பார்ப்பதற்கு அழகு என்று அவர்கள் எண்ணுவது, பெர்குஸன் பல ஆண்டு பாடுபட்டுக் கட்டிய பூட்டை ஒரு சங்கிலியால் அவிழ்ப்பதேயாகும். இழுத்துப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியோர் முதலில் காட்டவேண்டியது அச்சுக்குக் கீழேயுள்ள இழுவைக் கொக்கியை.

1953-இல் பெர்குஸன் தம் கம்பெனியைக் கனடாவின் மேஸி-ஹாரிஸ் கம்பெனியோடு இணைத்தார். விலை பேசுகையில் பத்து லட்சம் டாலர் வித்தியாசம் தீராது நின்றது. நாணயம் சுண்டிப் பார்க்கலாம் என்று ஏற்பாடாயிற்று, பெர்குஸன் தோற்றார். தோற்றும் முகம் வாடவில்லை என்பர். எனினும் புதிய கூட்டாளிகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. மறு ஆண்டே தலைமையை விட்டு விலகினார். அதன்பின் நான்கு சக்கரத்துக்கும் பலம் செல்லும் மோட்டார்களில் கருத்தைச் செலுத்தினார். அவ்வழியில் அமைந்த பந்தய மோட்டார் 1961-இல் ஒரு பெரும் பந்தயத்தை வென்றது. அதைக் காண அவர் இல்லை. உறக்கமின்மையும் மனச்சோர்வும் கடைசிக் காலத்தில் அவரை வருத்தின. 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் இங்கிலாந்தில் தம் இல்லத்தில் காலமானார்.

அதே 1960-ஆம் ஆண்டில், சென்னையில் சிம்ஸன் முதலிய கம்பெனிகளை நடத்திய ஸ்ரீ எஸ். அனந்தராமகிருஷ்ணன் அவர்களின் அமால்கமேஷன்ஸ் குழுமத்தார், மேஸி பெர்குஸன் கம்பெனியின் கூட்டுறவோடு டாஃபே என்னும் டிராக்டர்க் கம்பெனியை நிறுவினர். செம்பியத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த டிராக்டர்கள் திண்டிவனம் வழியாக நம் செஞ்சிக்கும் வந்தன. இன்று எந்த வர்ணத்து டிராக்டரை, எந்தக் கம்பெனியில் வாங்கினாலும், அதன் பின்புறத்தில் கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று தண்டுகள் இருக்கும். ஐந்து கொழுவோ, ஒன்பது கொழுவோ, ரொட்டாவேட்டரோ, மணிலா பறிக்கும் கருவியோ, அம்மூன்றிலேயே மாட்டுகிறோம். மேலேயுள்ள தண்டினை நம் ஊர் ஓட்டுநர்கள் டாப் லிங்க் என்பார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி, பலர் டிராக்டரின் ஆசனத்துக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.